சமவெளியின் வெள்ள அபாய வரைபடம் பொருந்தவில்லை: வழிகாட்டுதல் தேவை

கடலோரச் சமவெளி ஒன்றின் வெள்ள அபாயத்தையும் குடியிருப்புக்கான நிலப் பொருத்தத்தையும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்கி வருகிறேன். கடந்த பருவமழையில் மூழ்கியதாகச் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் தெளிவாகக் காட்டும் வயல்கள், என் வரைபடத்தில் 'குறைந்த அபாயம்' என்றும், அதைவிடக் கவலை தரும் வகையில் 'வீடு கட்ட ஏற்றது' என்றும் வருகின்றன.

முதலில் பயன்படுத்தியது 2000ஆம் ஆண்டின் எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த) 30 மீட்டர் உயரத் தரவு. மர உச்சிகளும் கூரைகளும் அதில் தரைமட்டத்தை உயர்த்திக் காட்டுவதால் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உயரத் தரவுக்கு மாறினேன்; அதிலும் அதே சிக்கல். நீரோட்டத்தைக் கணிக்க, உயரத் தரவிலுள்ள பள்ளங்களை நிரப்பியபின் ஓடைகள் அளவுகோல் வைத்துக் கிழித்த இணைகோடுகளாகவே வருகின்றன. தரவில் ஆறுகளின் தடத்தை ஆழப்படுத்தியும், நிலைத்தன்மை விகிதம் (எடைகள் ஒன்றோடொன்று முரண்படும் அளவு) 0.1ஐத் தாண்டாமல் சரிவு, ஓடைத் தொலைவு போன்ற காரணிகளின் எடைகளை மாற்றியும் பயனில்லை.

சரிவே ஏறக்குறைய இல்லாத இத்தகைய நிலத்தில், சரிவையும் ஓடைத் தொலைவையும் விட்டுவிட்டு, ரேடார் படங்கள் காட்டும் வெள்ள நிகழ்வெண்ணையே (ஓரிடம் எத்தனை முறை மூழ்கியது என்பதையே) முதன்மைக் காரணியாகக் கொள்ளலாமா?