குவாரி அனுமதி வேலையில் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு – ராமநாதபுரம் கரைப் பக்கத்தவர்கள் எழுதுங்கள்

ஆய்வுப்பெட்டி:

இங்கே பாதிப் பேர் இதே வேலையில் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாயல்குடிக்குத் தெற்கே சவுடு (நிரப்பு மண்), கிராவல் குவாரிகளுக்கு பேஸ்லைன், அதாவது வேலை தொடங்கும் முன் உள்ள தண்ணீர், காற்று நிலவரம், எடுக்கப் போயிருந்தோம். ஒவ்வொன்றும் 5 ஹெக்டேருக்குக் குறைவான குத்தகை. ஆனால் 500 மீட்டருக்குள் நெருக்கமாக இருந்ததால் கிளஸ்டராக, அதாவது ஒரே தொகுப்பாகக் கணக்காகி, ஈஐஏ (சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு) அறிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் கட்டாயமாகிவிட்டது. ஆய்வுக்கு 10 கிலோமீட்டர் வட்டம் போட்டால் கடற்கரை உள்ளே வந்துவிடும்.

தண்ணீர் மாதிரிக்கு எங்கள் பட்டியலில் இருந்தவை அடிபம்பு, ஊராட்சி போர், ஒரு கண்மாய். ஊராட்சி போரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்புகளை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது) விட்டால் 4000-க்கு மேல் காட்டியது. குடிநீருக்கு 500 வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பதுதான் தர அளவு. "இதையா குடிக்கிறார்கள்?" என்று டிரைவரிடம் கேட்டேன். "ஊத்துலதான் எடுப்பாங்க சார்" என்று பனங்காட்டுக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டுக்கு அழைத்துப் போனார்.

விடிந்தும் விடியாத நேரம். மணலில் தோண்டிய குழிக்குள் ஓர் ஆத்தா உட்கார்ந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். ஒரு சிரட்டை எடுத்தால் அடுத்த சிரட்டைக்குத் தண்ணீர் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நான் கேனோடு இறங்கப் போனேன். "இறங்காதீங்க தம்பி, கலங்கிரும். நானே தாரேன்" என்றார். எங்களுக்கு 2 லிட்டர் கேன் நிறைய வேண்டும், கிருமிச் சோதனைக்குத் தனி பாட்டில் வேறு. சிரட்டை சிரட்டையாக அவரே ஊற்றி நிரப்பினார். பின்னால் குடத்தோடு நின்ற பெண்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மீட்டரில் 400 கூட வரவில்லை.

கேனை மூடும்போது கேட்டார்: "நல்ல தண்ணின்னு எழுதுவீங்கள்ல? எழுதிட்டா பக்கத்துல தோண்ட மாட்டாங்கள்ல?"

எழுதினோம். இணைப்பு அட்டவணையில் ஒரு குறியீட்டு எண், அட்சரேகை, தீர்க்கரேகை, அதற்கு எதிரே 'நிலத்தடி நீர்'. அது ஓர் ஊரே குடிக்கும் ஊத்து என்று அந்தப் பக்கத்தைப் படிக்கிற எவருக்கும் தெரியாது. படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நிலநீர்:

இடமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். நீரியல் அத்தியாயம் என்று ஒன்று முழுதாக இருக்கிறதே, அதில் எழுதலாம். இந்தக் கரையில் அந்த அத்தியாயத்துக்கு உயிரே ஊத்துதான்.

மழைத் தண்ணீர் மணல் மேட்டில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. எடை குறைவு, அதனால் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு அந்த அளவுக்கு ஏறி வரும். மணலை வாரினால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் இடமே போய்விடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் குவாரி ஆழத்தை மீட்டர் கணக்கில் பேசி விட்டுவிட முடியாது. கடல் மட்டத்திலிருந்து குவாரியின் அடித்தளம் எவ்வளவு உயரம், கோடையில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது, இரண்டும் வேண்டும்.

என் அனுபவம் சின்னது. பெரியபட்டினம் பக்கம் மேட்டைச் சமப்படுத்திய ஓர் இடத்தில் பழைய ஊத்துக்குழி இருந்தது. என்னோடு வந்த பெரியவர் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். "என் கல்யாணத்துக்கு இந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்குனோம்" என்றார். என்னிடம் மீட்டர் இருந்தது, வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை எனக்குப் பல ஆண்டுகள். மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்) நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு, வீடியோ பதிவு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கூட்ட முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏனென்றால் அதற்குள் மண்டபம் காலியாகிவிடும்.

கடற்கரை ஊர் ஒன்றில் அப்படித்தான் காலியாகிவிட்டது. படகுக்குப் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். பந்தல்காரர் நாற்காலியை அடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் வாசித்து முடித்ததும் கடைசி வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, எல்லாம் வாசிச்சீங்க. நான் சொன்னது அதுல இல்லை" என்றார். லாரி போகும் பாதை பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகிறது என்று அவர் சொல்லியிருந்தார். சத்தத்தில் விடுபட்டிருக்கிறது. தலைமை அதிகாரி பேனாவை வாங்கித் தன் கையாலேயே கடைசியில் ஒரு வரி சேர்த்தார், பெரியவரை அருகில் வரவழைத்து வாசித்துக் காட்டினார், பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியால் அனுமதிக்குப் பரிந்துரைக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு கேள்வி கேட்டு, பாதை மாறியது.

ஆகவே ஆய்வுப்பெட்டி தம்பிக்கு: அந்த ஆத்தா கூட்டத்துக்கு வந்து ஊத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பதிவாகியிருக்கும்.

பனங்காட்டான்:

எழுத்தர் ஐயா, பெரிய மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் சொல்வது நடந்த ஒரு நல்ல கூட்டத்தின் கதை. அந்த ஆத்தா எப்படி வருவார்? விடியுமுன் ஊத்து, அப்புறம் வீடு, அப்புறம் கருவாடு காயப்போட வேண்டும். கூட்டம் வைத்ததே ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற மண்டபத்தில். அதோடு தனித்தனியாக 5 ஹெக்டேருக்குள் எடுத்து, கிளஸ்டரிலும் சேராவிட்டால் கருத்துக் கேட்பே கிடையாது. எங்கள் பக்கத்துக் குவாரி அப்படித்தான் வந்தது. லாரி ஓட ஆரம்பித்த பிறகுதான் ஊருக்கே தெரியும்.

அனுமதித்த ஆழம் 2 மீட்டர். லாரிக்கான நடைச்சீட்டில் சவுடு என்று இருந்தது, ஏற்றியது மணல். பக்கத்துப் பட்டாவுக்கு விட வேண்டிய 7.5 மீட்டர் இடைவெளியில் என் பனை இரண்டு வேரோடு சாய்ந்துவிட்டன. மனு கொடுத்து, கொடுத்து, கடைசியில் அளக்க வந்தார்கள். வந்தது ஐப்பசி மழைக்கு அப்புறம். குழி நிறையத் தண்ணீர். டேப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, "தண்ணீர் இருக்கிறது, ஆழம் தெரியவில்லை" என்றார் வந்தவர்.

நான் பனையேறுகிற ஆள். நார்க் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி நடுக்குழியில் இறக்கினேன். கல் தரையைத் தொட்டதும் இழுத்து, நனைந்த கயிற்றை அவர் காலடியில் நீட்டிப் போட்டேன். "இப்ப அளங்க சார்." இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நனைந்திருந்தது. அவர் கயிற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். டேப்பை வைத்து அளந்தார். நோட்டில் என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சட்டப்பார்வை:

பனங்காட்டான், அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டு வாங்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும்.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய ஒவ்வொரு திட்டமும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளுக்குள் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். 2006 செப்டம்பர் 14 ஈஐஏ அறிவிக்கையின்படி அது பொது ஆவணம். விண்ணப்பித்தால் எவருக்கும் நகல் தர வேண்டும். முதலில் அனுமதிக் கடிதத்தை வாங்குங்கள். அதில்தான் ஆழம், இடைவெளி, வேலை நேரம், மரம் நடுவது எல்லாம் நிபந்தனையாக இருக்கும். அடுத்து அறிக்கையை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நிபந்தனையாகப் பாருங்கள். 'நிறைவேற்றப்படுகிறது' என்று மட்டும் எழுதி, அளவோ படமோ இல்லாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தள ஆய்வுக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; கேள்வியை 'ஏன்' என்று தொடங்காமல், 'இன்ன தேதி ஆய்வின் அளவீட்டுப் பக்கத்தின் நகல்' என்று கேளுங்கள்.

அனுமதியையே எதிர்ப்பதானால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு அப்புறம் கதவு மூடிவிடும். ஆகவே அனுமதி வந்ததை உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் செய்கிறார்களா என்று ஊரில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கருத்துக் கேட்புக்கு நேரில் போக முடியாதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். அதற்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பதே 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்ததுதான். அதற்கு முன்பு அதுவும் இல்லை.

இந்தக் கரைக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எடுப்பதைத் தமிழக அரசு 2013-ல் நிறுத்தியது. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலும் மணல் எடுக்கத் தடை உண்டு, ஆனால் மோனசைட் போன்ற அணுக் கனிமங்களுக்கு விலக்கு உண்டு. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சகம் அணுக் கனிமத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று குறிப்பாணை போட்டது. எழுத்தர் ஐயா சொன்ன கையால் எழுதிய வரிக்கு அங்கே இடமே இருக்காது.

என் அனுபவம்: ஒரு விசாரணையில் நிறுவனத் தரப்பு பசுமை வளையத்துக்கு (குவாரியைச் சுற்றி நட வேண்டிய மரங்கள்) ஆதாரமாகக் காட்டிய புகைப்படத்தில் தென்னை இருந்தது. குவாரியைச் சுற்றி வேலிக்கருவை மட்டும்தான் என்று ஊர்க்காரர் ஒருவர் எழுந்து சொன்னார். அவ்வளவுதான்.

பாசிவீட்டுப் பெண்:

சட்டப்பார்வை சார், நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் என் அம்மாவும் அவர் கூட்டாளிகளும் கடல்பாசி எடுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நேரத்தில் செய்தித்தாளில் விளம்பரம் பார்ப்பது யார்? ஊராட்சி அலுவலகச் சுவரிலும் மீன் இறங்குகிற இடத்திலும் ஒட்டினால் போதும், இன்றே படித்துவிடுவார்கள். அந்த ஆத்தா எப்படி வருவார் என்று பனங்காட்டான் அண்ணன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் இப்போது ஒரு திட்டத்தில் நிபந்தனைகளைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்குள் நிற்கும் சந்திப்பு என் தாத்தாவோடு நடந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பட்டியலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகள். தாத்தா பக்கத்தில் வலைக்கண் கோத்துக்கொண்டிருந்தார். "பூவரசன்பட்டி" என்று வாசித்ததும் நிமிர்ந்தார். "அது இப்ப இல்லையே தாயி" என்றார். விலாங்குசல்லியும் இல்லை. இரண்டும் கடலுக்குள் போய்விட்டன.

சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் எடுத்த காலம் அது. அலையைத் தடுத்த பவளப்பார் போனதும் தீவு கரைந்தது. "அப்ப யாரும் தடுக்கல, கேட்கவும் இல்ல. கூலி கொடுத்தாங்க, எடுத்தோம்" என்றார். கோபம் இல்லாமல், வலையை விட்டுக் கையெடுக்காமல் சொன்னார். 2001-ல்தான் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது.

இப்போது 'கடல்சார் பாதிப்பு இல்லை' என்ற வரியை எந்த அறிக்கையில் பார்த்தாலும், கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர், மழைநீர் எந்த ஓடை வழியாகப் போகிறது, எங்கே கடலில் கலக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். மேலே இருப்பவர்களுக்கு எரிச்சல்தான்.

நிலநீர்:

தங்கை, மழைநீர் ஓடையோடு ஊத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஆய்வுப்பெட்டி, அந்த அறிக்கை இன்னும் வரைவு நிலையில் இருந்தால் கருத்துக் கேட்பு முடிந்த பிறகும் திருத்தலாம். இறுதி அறிக்கையில் அதற்கு வழி இருக்கிறது. மணல் மேட்டின் உயரம், ஊத்துக்குழிகளின் இடம், எத்தனை குடும்பம் எடுக்கிறது, மூன்றையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். சித்திரையில் நீர்மட்டம் அளக்க நான் வருகிறேன்.

பனங்காட்டான்:

வரும்போது சொல்லுங்கள். நரிப்பையூரிலிருந்து மூக்கையூர் வரை எந்த மேட்டில் எந்த ஊத்து என்று நான் காட்டுகிறேன். இரண்டு மூன்று இடத்தில் தூர்ந்துபோய்விட்டது, அதையும் வரைபடத்தில் போட வேண்டும். சட்டப்பார்வை சார், ஆய்வுக் குறிப்புக்கான அந்த மனுவை எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி போடுங்கள். தேதி என்னிடம் இருக்கிறது.