பொருள்: அசிடோசிஸ் – ‘அமிலச் சாய்வு’ என்றால் என்ன?

> ‘அமிலத்துவம்’ என்றே வைத்துக்கொள்வோமே. பாடநூலுக்கு அது போதும்.

ஐயா, வணக்கம்.

அசிடோசிஸ் என்பது ரத்தத்தில் அமிலம் சேர்ந்து, அதன் பிஎச் இயல்புக்குக் கீழே இறங்கும் நிலை. அதற்கு ‘அமிலத்துவம்’ போதாது என்று நினைக்கிறேன். அமிலத்துவம் என்றதும் ரத்தமே அமிலமாகிவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நல்ல உடம்பில் தமனி ரத்தத்தின் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்கும். அது 7.1-க்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து; அப்போதும் ரத்தம் காரப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமிலத்தை நோக்கி நகர்ந்திருக்கிறதே தவிர, அமிலம் ஆகிவிடவில்லை. இந்த நகர்வைத்தான் சொல் காட்ட வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் மருத்துவராக வேலை பார்க்கிறேன். போன தை மாதம், இன்சுலினை நான்கு நாள் நிறுத்திவிட்ட ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள். மூச்சு ஆழமாக, வேகமாக, நிற்காமல் வாங்கிக்கொண்டிருந்தது; வாயில் பழ வாடை. பிஎச் 7.22; அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட் 8-க்குக் குறைந்திருந்தது. “ஆஸ்துமாவா சார்?” என்றார் மகன். நுரையீரலில் கோளாறே இல்லை, இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் சேர்ந்த அமிலத்துக்கு ஈடுகட்டத்தான் கரியமிலவாயுவை அது அள்ளி வெளியே தள்ளுகிறது என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. அந்த வாரம்தான் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்திருந்தது. “உங்க பயிர் மாதிரிதான் தம்பி, அம்மா ரத்தம் அமிலப் பக்கம் சாஞ்சிருக்கு. அழுகிப் போகல, நிமித்திடலாம்” என்றதும் முகம் தெளிந்தது. சலைனும் இன்சுலினும் ஏற ஏற, மறுநாள் காலைக்குள் மூச்சு தணிந்துவிட்டது.

அதனால் என் பரிந்துரை: அசிடோசிஸ் – அமிலச் சாய்வு, ஆல்கலோசிஸ் – காரச் சாய்வு. கணக்குப் புத்தகத்தில் சாய்வுக்கு வேறு பொருள் உண்டுதான். ஆனால் முன்னால் அமிலம் நிற்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள். இன்னொரு வசதியும் இருக்கிறது. நுரையீரல் செய்ததை ‘ஈடுகட்டல்’ என்றும், இன்சுலின் செய்ததை ‘நிமிர்த்தல்’ என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம். இரண்டையும் ‘சரிசெய்தல்’ என்று எழுதும் வழக்கம் மாணவர்களைக் கெடுக்கிறது. ஈடுகட்டல் நடக்கும்போதும் நோய் அப்படியேதான் இருக்கிறது.

> காரம் என்றால் நோயாளிக்கு மிளகாய்தானே நினைவுக்கு வரும்? டெல்டாவில் களர் என்ற சொல் எல்லாருக்கும் தெரியுமே.

தெரியும். ஜிப்சம் போட்டுக் களரைத் திருத்தாத ஊர் இங்கே குறைவு. ஆனால் களர் என்பது சோடியம் மிகுந்து கெட்டுப்போன மண். ரத்தமோ இயல்பிலேயே லேசான காரம். அதற்குக் கெட்டுப்போன நிலத்தின் பெயரை வைக்க மனம் வரவில்லை. காரம் பள்ளியிலேயே பழகிய சொல், இருக்கட்டும்.

பஃபருக்கு (அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் அதிகம் மாறாமல் காப்பது) பாடநூலில் உள்ள ‘தாங்கல்’ அருமையான சொல், அதைத் தொடவே வேண்டாம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று வடக்கே நீர்நிலைக்கும் அதே பெயர். வந்த வெள்ளத்தை ஏரி தாங்கிக்கொள்வது போல, வந்த அமிலத்தை முதலில் பைகார்பனேட் தாங்குகிறது. அடுத்து சில நிமிடங்களில் நுரையீரல் கைகொடுக்கும். சிறுநீரகம் முழுதாக ஈடுகட்ட மூன்று, நான்கு நாள் ஆகும்.

மூச்சு குறைந்து கரியமிலவாயு தேங்குவதால் வரும் வகைக்கு ‘மூச்சுவழி அமிலச் சாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு வந்தது போன்ற மற்ற வகைக்கு (மெட்டபாலிக் அசிடோசிஸ்) ‘வளர்சிதை அமிலச் சாய்வு’ நாக்கில் புரள மறுக்கிறது. யாராவது இதைவிடச் சிறியதாக ஒன்று தாருங்கள்.