இரண்டு பேர் சுமந்த சிங்கம்

என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது, நார்னியா என்ற மாய உலகைப் பற்றிச் சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் நூல்களில் முதலாவதை இரவுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிவந்தேன். கதை முடிந்த வாரமே, அதைத் தழுவிப் பிபிசி 1988-இல் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரின் டிவிடி நண்பர் ஒருவர் மூலம் கிடைக்க, விடுமுறை நாளில் அவளோடும் அவள் தம்பியோடும் உட்கார்ந்து பார்த்தேன்.

பேசும் பீவர் விலங்குத் தம்பதியாக ரோம உடை அணிந்த பெரியவர்கள் வந்து நின்றதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. பறக்கும் உருவங்களோ கையால் வரைந்த சித்திரங்கள். நடிகர்கள் இருக்கும் காட்சியின்மேல் அவற்றை ஒட்டவைத்திருப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு நார்னியாவைக் காக்கும் சிங்கமான அஸ்லான் வந்தது. இருவர் உள்ளிருந்து இயக்கிய பெரிய பொம்மைச் சிங்கம் அது. "உள்ளே ஆள் இருக்காங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நம்பியதற்கு ரொனால்ட் பிக்அப்பின் ஆழ்ந்த, நிதானமான குரல் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அந்தச் சிங்கம் நடிகர்களுடன் அதே இடத்தில் நின்றது என்பதுதான். தன் உயிரைக் கொடுப்பதற்காகக் கல்மேசையை நோக்கி அது தளர்ந்து நடக்கும் இரவில், கூடவே வரும் சிறுமிகள் சூசனும் லூசியும் அதன் பிடரியைத் தொடும்போது அவர்களுடைய விரல்கள் உண்மையிலேயே ரோமத்துக்குள் புதைகின்றன. 2005-இல் வந்த திரைப்படத்தின் கணினிச் சிங்கம் எவ்வளவோ அழகாக இருந்தும், இந்த நெருக்கத்தை நான் அதில் உணரவில்லை. கட்டுண்டு கிடந்த அஸ்லானைப் பார்த்து மகள் அழுதாள், உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும்.

பேசும் விலங்குகளைக் கண்முன் நிறுத்தினால் அவை கோமாளித்தனமாகவோ கொடுங்கனவாகவோ ஆகிவிடும் என்று அஞ்சி, தொலைக்காட்சி வடிவத்தை முற்றிலும் எதிர்ப்பதாக லூயிஸ் 1959-இல் பிபிசி தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதியிருந்தார். பீவர்களைப் பொறுத்தவரை அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால் அஸ்லானைப் பொறுத்தவரை, கதையின் போக்கையும் பேச்சையும் பெரும்பாலும் நூலில் உள்ளபடியே வைத்துக்கொண்டு அவசரமின்றி நகர்ந்த அந்தத் தொடர், பணத்தால் முடியாததைப் பொறுமையால் சாதித்தது என்றே உறுதியாக நினைக்கிறேன். பிபிசியின் நார்னியா தொடர்களில் 1990-இல் வந்த கடைசித் தொடரில் டாம் பேக்கர், சதுப்புநிலவாசியான பட்டில்கிளமாக வெறுங்காலால் நெருப்பை மிதித்து அணைத்து, சூனியக்காரியின் மயக்கத்தைக் கலைக்கும் காட்சிக்குப் பெரிய தந்திரக்காட்சி எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் மாலை வீடு திரும்பியபோது, கூடத்தில் பழுப்பு நிறப் போர்வை ஒன்று நான்கு கால்களோடு மெல்ல நடந்துகொண்டிருந்தது. முன்னங்கால்கள் தம்பி, பின்னங்கால்கள் அவள். குரல் மட்டும் நான் கொடுக்க வேண்டுமாம்.