நெல் வயலுக்குத் தொழு உரம் போட்டால் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

வரப்போரம்:
குறுவைக்கு முன் எடுத்த மண் பரிசோதனை: வண்டல் களி, பிஎச் 8.1, அங்ககக் கரிமம் (மண்ணின் மக்கில் உள்ள கார்பன்) 0.38%. எக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 190 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 34, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 230. ஏக்கருக்கு டிஏபி 1 மூட்டை, யூரியா 3 மூட்டை போடுவது வழக்கம். பொட்டாஷ் போடுவதில்லை. எரு வீண் செலவு என்கிறது உரக்கடை. உப்பு உரம் மண்ணைச் சாகடிக்கும் என்கிறார் பக்கத்து வயல்காரர். எதைக் குறைப்பது?

சேற்றுக்கால்:
முதலில் வெட்ட வேண்டியது மணிச்சத்து தரும் டிஏபி. எக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டினாலே மண்ணில் மணிச்சத்து அதிகம் என்று கணக்கு; உங்கள் மண்ணில் 34. அதற்கு மேலும் கொட்டினால் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்புள்ளி விழும், பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். இந்தப் பட்டம் டிஏபியை விடுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் சேற்றின் மேல் தூவுங்கள்.

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போட்டால் அதில் தழைச்சத்து சுமார் 25 கிலோ. முதல் பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆக, எருவும் போட்டால் யூரியா இரண்டரை மூட்டை. அதற்கு மேல் குறைத்தால் விளைச்சல் விழும்.

எரு போடுவது கரிமத்துக்காக. ஏக்கரில் மேல் அரையடி மண் சுமார் 900 டன். 0.38-ஐ 0.48 ஆக்க 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். எருவில் உள்ளதில் பெரும்பகுதி நம் வெயிலுக்கு ஒரு வருடத்தில் காற்றோடு போய்விடும். ஒரு தடவை போட்டுப் பார்த்துப் பலன் இல்லை என்பது அதனால்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் நடக்கும் நிரந்தர எருச் சோதனை வயலில் எருப் பாத்திகளின் கரிமம் கூடுதலாக இருப்பது, விடாமல் போட்டு வந்ததன் பலன்.

மடைவாய்:
யூரியாவை நிற்கிற தண்ணீரில் வீசாதீர்கள். பாசி உள்ள வயலில் உச்சிவெயிலில் தண்ணீரின் பிஎச் 9-ஐத் தாண்டும்; தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். தண்ணீரை வடித்து, சேற்றில் தூவி, மறுநாள் கட்டுங்கள். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு 5:4:1 கலந்து ஒரு இரவு வைத்துப் போட்டால் மெதுவாகக் கரையும். நான்கு தவணையாகப் பிரியுங்கள்.

வைக்கோலைக் கட்டு மெஷின் வைத்து ஏற்றிவிடுகிறீர்களா? பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு அதிலேதான் போகிறது. ஏக்கருக்கு 33 கிலோ பொட்டாஷ், பாதி அடியுரமாக, பாதி கதிர் உருவாகும்போது.

எரு மக்கியிருக்க வேண்டும். குவியலுக்குள் கை விட்டால் சூடு தெரியக்கூடாது, வைக்கோல் நார் இழுத்தால் அறுந்துவிட வேண்டும். பச்சைச் சாணத்தைப் போட்டு உடனே நட்டால், கால் வைக்கிற இடமெல்லாம் குமிழி வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வேர் கருக்கும். அப்படி ஆனால் மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்வரை தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு மேலுரம்.

வரப்போரம்:
நன்றி ஐயா. இங்கே கோழி எரு மலிவு. மாட்டு எருவுக்குப் பதிலாக அதையே 5 டன் அடிக்கலாமா?

சேற்றுக்கால்:
வேண்டாம். அதில் மணிச்சத்து 2 சதவீதத்துக்கு மேல். 5 டன்னில் 100 கிலோவைத் தாண்டும். டிஏபியை நிறுத்தியதற்கே அர்த்தம் இருக்காது. எரு கிடைக்காவிட்டால் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூ எடுக்கும்போது, 45-ம் நாள் வாக்கில் மடக்கி உழுங்கள்.