பீகிள் பாயிண்ட் வரைக்கும் போகவா, இங்கயே திரும்பிடவா? (எலைட் டேஞ்சரஸ் விண்வெளி கேம்)

தனிவழி:
எல்லாருக்கும் வணக்கம். பால்வெளியோட மையத்துல இருக்கற கருந்துளை சஜிடேரியஸ் ஏ-வ தாண்டி வந்துட்டேன், அதுவே சூரியன்ல இருந்து 25,900 ஒளியாண்டு, பால்வெளியோட அந்தக் கோடில இருக்கற பீகிள் பாயிண்ட் 65,000. வீட்ல அம்மா பக்கவாதத்துல படுத்திருக்காங்க, கூட நான் மட்டும்தான், பக்கத்து ஊர் கல்யாணத்துக்குக்கூட போய் வர முடியறதில்ல. அவங்க தூங்கினப்புறம் கொஞ்ச நேரம் எனக்குன்னு கிடைக்கும், அப்ப அடுத்த நட்சத்திரத்துக்கு ஜம்ப், அங்க என்ன இருக்குன்னு ஸ்கேன் பண்ற ஹாங்க், நட்சத்திரத்துல இருந்தே எரிபொருள் அள்ற ஸ்கூப், மறுபடி ஜம்ப், இதான். யாருமே வராத ஒரு கிரகத்துல இறங்கி ரெண்டு சூரியன் உதிக்கறத பாத்துட்டு படுத்தா அடுத்த நாள தாங்க முடியுது. ஆனா அக்கா கேட்டா, "இல்லாத இடத்துக்குப் போய் என்னடா பாக்குற"ன்னு. அதுல இருந்து ஜாய்ஸ்டிக்க தொட்டாலே அந்தக் கேள்விதான் வருது. அவ்வளவு தூரம் போனவங்க சொல்லுங்க, அங்க என்ன இருக்கு?

பழைய ஆஸ்ப்:
தம்பி, 2019 ஜனவரில கிளம்புன டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2-ங்கற கூட்டுப் பயணத்துல நானும் பீகிள் பாயிண்ட் போனேன், 13,000 பேருக்கு மேல பதிவு பண்ணிருந்தாங்க. உண்மைய சொல்றேன், பீகிள் பாயிண்ட்ல தனியா ஒண்ணும் இல்ல. ஒரு பக்கம் மொத்த பால்வெளியும் தெரியும், இன்னொரு பக்கம் இருட்டு. எனக்கு நிஜமா பயம் வந்தது திரும்பறப்பதான், ஏன்னா கப்பல் வெடிச்சா ஸ்கேன் பண்ணி இன்னும் விக்காத டேட்டா அத்தனையும் போயிடும், மாசக்கணக்கா பாத்த எதுலயும் முதல்ல கண்டுபிடிச்சவர்னு உங்க பேர் இருக்காது, அப்ப டேட்டாவ வித்துக்க நடமாடும் ஸ்டேஷன் மாதிரி இருக்கற ஃப்ளீட் கேரியரும் கிடையாது, அது 2020லதான் வந்துச்சு. தனியா பாத்தத கொண்டுபோய் ஒரு இடத்துல சேர்க்கணும்ங்கற தவிப்பு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நீங்க பாக்கறத யார்கிட்டயாவது சொல்றீங்களா?

மலர்_ஆர்பிட்:
நான் கெர்பல்னு ராக்கெட் விடற இன்னொரு கேம் ஆடற ஆளு. ஒரே ஆர்பிட்ல முன்னாடி போற கப்பல பிடிக்கணும்னா வேகத்த கூட்டக்கூடாது, குறைக்கணும், குறைச்சா கீழ இறங்கி சின்ன வட்டத்துல சீக்கிரம் சுத்தி எட்டிப் பிடிச்சிடலாம். கூட படிச்சவங்க எல்லாம் எங்கயோ போயிட்டாங்கன்னு நான் தவிச்சிட்டிருந்த நாள்ல இத கத்துக்கிட்டேன், வாழ்க்கைல அப்படியே நடக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா அன்னிக்கு அது எனக்கு பெரிய ஆறுதல். உங்க அக்கா கேள்விக்கு, வானியல் கேட்டலாக்ல இருக்கற நிஜ நட்சத்திரங்க லட்சத்துக்கு மேல எலைட் கேம்ல அதே இடத்துல இருக்கு, நீங்க கடந்து போன தூரம் பொய்யில்ல.

கார்த்திகை:
ஒண்ணே ஒண்ணு சொல்லணும். கார்த்திகை கூட்டம் இங்கிருந்து 440 ஒளியாண்டு, 40,000 கோடி நட்சத்திர மண்டலம் இருக்கற கேம்ல அது தெருமுனை மாதிரி. அங்க போய் நம்ம சூரியன தேடுங்க, வெறும் கண்ணுக்கு தெரியவே தெரியாது, நிஜத்துலயும் அப்படித்தான். எங்க அப்பா தவறின வருஷம் நான் அங்கதான் போய் நின்னேன். நம்ம துக்கம் சின்னதுன்னு தோணல, அவ்வளவு பெரிய இருட்டுல அப்பாவ மாதிரி ஒருத்தர் எனக்கு கிடைச்சாரேன்னுதான் தோணுச்சு.

தனிவழி:
படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், எல்லாருக்கும் நன்றி. ஆஸ்ப் அண்ணா, யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு காலைல அம்மாவுக்கு கஞ்சி குடுக்கறப்ப போன்ல ஸ்க்ரீன்ஷாட் காட்டினேன். வளையம் போட்ட ஒரு கிரகத்துகிட்ட விரல வச்சு நிறுத்தினாங்க, பேச்சு சரியா வராது, ஆனா அடுத்ததும் காட்டுங்கறாங்கன்னு புரிஞ்சுது. பீகிள் பாயிண்ட் போறேன். நியூட்ரான் நட்சத்திரங்கள்ல பூஸ்ட் வாங்கி வேகமா போற ரூட்டா இல்ல ஸ்கூப் பண்ணிட்டே மெதுவாவா?

பழைய ஆஸ்ப்:
மெதுவாவே போங்க தம்பி, நியூட்ரான்ல ஜம்ப் தூரம் நாலு மடங்கு கிடைக்கும்தான், ஆனா ஜம்ப் பண்ற டிரைவ் தேயும். அத பழுதுபாக்கற கருவி ஏஎஃப்எம்யூ இருக்கா? கடைசி பகுதில நட்சத்திரம் ரொம்ப அரிதா இருக்கும், இப்பவே ஜம்ப் தூரத்த கூட்டற பூஸ்ட்டுக்கு மெட்டீரியல் சேத்து வச்சுக்கோங்க. படம் எடுக்கறத மட்டும் விட்டுடாதீங்க, அம்மாவுக்கு வேணும்.