அக்ரிலிக் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்கிறது, என்ன செட்டிங் வைப்பது? (அவசரம்)

எழுத்துப்பலகை
சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்படி நகர்ந்து, சுழலும் பிட்டால் வெட்டும் மெஷின்) அக்ரிலிக் ஷீட்டில் எழுத்து வெட்டுகிறேன். இரண்டு எழுத்து தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் உருகி, பிட்டைச் சுற்றி உருண்டையாகப் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய தடமும் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்வதால் எழுத்து கழன்று வரவே இல்லை. வேகத்தைக் கூட்டியும் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. மரத்தில் இதே செட்டிங் அருமையாக வெட்டுகிறது. தெரிந்தவர்கள் எண்ணை மட்டும் போட்டால் போதும், நாளை மறுநாள் பெயர்ப்பலகையைக் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு ஷீட் வீணாகிவிட்டது.

சீவல்
நாங்கள் எண் தருவதற்கு முன் உங்களிடமிருந்து சில எண்கள் வேண்டும். பிட் விட்டம் என்ன, அதில் எத்தனை ஃப்ளூட் (வெட்டும் பல்)? ஷீட் எத்தனை மி.மீ.? ஒரு பாஸில், அதாவது ஒரு தடவை ஓட்டுவதில், எவ்வளவு ஆழம்? அப்புறம் "வேகம்" என்று சொல்வது பிட் சுழலும் வேகமா, மெஷின் நகரும் ஃபீடா? இரண்டையும் ஒரே சொல்லில் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

தெளிகண்ணாடி
ஷீட் காஸ்டா (அச்சில் வார்த்தது), எக்ஸ்ட்ரூடா (உருக்கி அழுத்தித் தள்ளியது)? முதல் கேள்வி அதுதான். எக்ஸ்ட்ரூட் ஷீட் சீக்கிரம் இளகும், சீவல் நூல் நூலாக வந்து பிட்டில் சுற்றிக்கொள்ளும். காஸ்ட் ஷீட்டில் உதிரியாகச் செதில்கள் விழும். நீங்கள் சொல்லும் அறிகுறி எல்லாம் எக்ஸ்ட்ரூடைத்தான் காட்டுகிறது. ஷீட்டை மாற்றாமல் செட்டிங்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு ஷீட் போகும்.

நாலாம்_அச்சு
தம்பி, இதே கேள்விக்கு எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. ஃபீட் என்பது ஆர்பிஎம் (பிட் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பெருக்கல் ஃப்ளூட் எண்ணிக்கை பெருக்கல் ஒரு பல் கடிக்கும் அளவு. மூன்று எண்ணைப் பெருக்கத் தெரியாமல் மெஷினை ஓட்டக் கூடாது. எண்ணை மட்டும் கேட்பவர்கள் நாளைக்கு அடுத்த ஷீட்டுக்கும் எண் கேட்டு வந்து நிற்பார்கள். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

நீர்த்துளி
சூடுதான் பிரச்சினை, சூட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஸ்ப்ரே பாட்டிலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி, வெட்டும் இடத்தில் அடித்துக்கொண்டே இருங்கள். அலுமினியத்துக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். உடனே ஆவியாகிவிடும், துடைக்கும் வேலையும் இல்லை.

மைக்ரான்
நீர்த்துளி, தயவு செய்து இதை அக்ரிலிக்குக்குச் சொல்லாதீர்கள். அலுமினியம் வேறு, இது வேறு. வெட்டிய விளிம்பில் உள்ளழுத்தம் தேங்கி நிற்கும், அதன் மேல் ஆல்கஹால் பட்டால் மயிரிழை போல விரிசல் கிளம்பும். சில சமயம் உடனே தெரியும், சில சமயம் நாலு நாள் கழித்து, பொருளை உரியவரிடம் கொடுத்த பிறகு தெரியும். இன்னொன்று, பிரஷ் வைத்த மோட்டாருக்குள் பொறி பறந்துகொண்டே இருக்கும், அதன் அருகில் ஆல்கஹால் புகையை அடிப்பது தீயோடு விளையாடுவது. காற்று போதும், அதுவும் குளிரவைப்பதற்கு என்பதைவிட, சீவலைத் தடத்திலிருந்து ஊதித் தள்ளுவதற்குத்தான்.

எழுத்துப்பலகை
மன்னிக்கவும், வேலைக்கு நடுவே எழுதினேன். பிட் 3.175 மி.மீ., இரண்டு ஃப்ளூட், மெஷினோடு வந்தது. ஷீட் 5 மி.மீ., காஸ்டா என்று தெரியவில்லை, மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) மகிட்டா ஆர்டி0700 ரவுட்டர், டயல் 5இல் வைத்திருக்கிறேன். ஃபீட் நிமிடத்துக்கு முதலில் 600 மி.மீ., அப்புறம் 900, கடைசியாக 1500 வைத்தேன். மூன்றிலும் ஒரே மாதிரிதான் உருகுகிறது.

சீவல்
நன்றி, இப்போது பேசலாம். அந்த ரவுட்டரில் டயல் 5 என்றால் சுமார் 27,000 ஆர்பிஎம். இரண்டு ஃப்ளூட் என்பதால் நிமிடத்துக்கு 54,000 கடி. ஃபீட் 600 என்றால் ஒரு கடிக்கு 0.011 மி.மீ. வருகிறது. அந்த அளவில் பல் சீவுவதே இல்லை, தேய்த்துக்கொண்டு போகிறது. சீவினால் சூட்டைச் சீவல் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடும், தேய்த்தால் அத்தனை சூடும் ஷீட்டிலும் பிட்டிலும்தான் தங்கும். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், அந்தச் சூட்டை எட்ட ஒரு வளைவு போதும். மரம் உருகாது, கொஞ்சம் கருகினாலும் வெட்டுப்படும், அதனால்தான் அங்கே இந்தத் தவறு கண்ணில் படவில்லை.

பிளாஸ்டிக்குக்கு என்று வரும் ஒற்றை ஃப்ளூட், சீவலை மேலே தூக்கும் அப்கட் பிட் வாங்குங்கள், பளபளப்பாகத் தீட்டியிருக்கும். புதிதாக இருக்கட்டும், மரத்தில் ஓட்டியது வேண்டாம். டயல் 3, அதாவது 17,000. கடிக்கு 0.08 என்று வைத்தால் 17,000 × 1 × 0.08 = 1360. ஒரு பாஸுக்கு 1.5 மி.மீ. ஆழம். மெஷின் அதிர்ந்தால் ஆழத்தைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். எல்லாரும் பயந்துபோய் முதலில் ஃபீடைத்தான் குறைப்பார்கள், உருகுவது அதில்தான் அதிகமாகும். நேராகக் குத்தி இறக்காமல் சரிவாக இறங்கும்படி வையுங்கள்.

நாலாம்_அச்சு
நான் மேலே சொன்ன அதே சூத்திரம்தான்.

மரவேலை_7
சூத்திரம் சொன்னீர்கள் அண்ணா, ஆனால் அவர் கையில் என்ன பிட் இருக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை. புதிதாக வருபவரை இப்படி நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் அவர் அடுத்த முறை கேட்கவே மாட்டார், ஷீட்டைத்தான் வீணாக்குவார். நான் தொடங்கிய காலத்தில் ஒருவர் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டியதால்தான் இன்று எனக்கு அது தெரியும்.

நாலாம்_அச்சு
பொறுமை வேறு, கையில் ஊட்டிவிடுவது வேறு. கணக்கைத் தானே போட்டவனுக்குத்தான் அது மறக்காது. இதில் என் கருத்து மாறாது.

தெளிகண்ணாடி
ஒற்றை ஃப்ளூட் சரிதான், ஆனால் எக்ஸ்ட்ரூட் ஷீட்டாக இருந்தால் அப்போதும் விளிம்பு பிசுபிசுவென்றுதான் வரும். அந்த ஃபிலிமையும் கவனியுங்கள், அது பிட்டில் மாட்டினால் சீவலையும் சேர்த்து உருட்டிக்கொள்ளும். உரித்துவிட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுவது நல்லது.

எழுத்துப்பலகை
ஒற்றை ஃப்ளூட் பிட் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கடனாகக் கிடைத்தது. டயல் 3, ஃபீட் 1360, ஆழம் 1.5, எல்லாம் சொன்னபடியே வைத்தேன். உருண்டை கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது, அவ்வளவுதான், தடம் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?

தெளிகண்ணாடி
அப்படியானால் ஷீட்தான். சந்தேகமே வேண்டாம்.

நீர்த்துளி
ஆல்கஹால் வேண்டாம் என்றால் சோப்புத் தண்ணீராவது அடித்துப் பாருங்கள்.

மைக்ரான்
பொறுங்கள், யாரும் இன்னும் ஷீட்டை மாற்றச் சொல்ல வேண்டாம். அவர் இரண்டாவது பதிவில் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். 600, 900, 1500, மூன்றிலும் "ஒரே மாதிரி" என்கிறார். ஃபீட் இரண்டரை மடங்கு ஏறினால் நல்லதோ கெட்டதோ ஏதாவது மாற வேண்டும், சத்தமாவது மாற வேண்டும். ஒன்றுமே மாறவில்லை என்றால் மெஷின் அந்த வேகத்தில் நகரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துப்பலகை, ஒரு சோதனை. பிட்டைக் கழற்றிவிட்டு, காற்றில் எக்ஸ் அச்சில் 100 மி.மீ. நேர்கோடு ஃபீட் 1500இல் ஓட்டுங்கள். கைப்பேசியில் நேரம் பாருங்கள். சரியாக ஓடினால் நாலு விநாடி, புறப்பட்டு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூட. எத்தனை விநாடி ஆகிறது என்று சொல்லுங்கள். கன்ட்ரோலரில் மெஷினை நகர்த்தும் மென்பொருள் ஜிஆர்பிஎல் தானே?

எழுத்துப்பலகை
ஆமாம், ஜிஆர்பிஎல். 13 விநாடி.

மைக்ரான்
இதுதான். 13 விநாடி என்றால் நிமிடத்துக்கு 500 மி.மீ.க்குப் பக்கத்தில். நீங்கள் 600 கேட்டாலும் 1500 கேட்டாலும் மெஷின் 500இல்தான் போயிருக்கிறது. ஜிஆர்பிஎல்லில் ஒவ்வொரு அச்சுக்கும் உச்சவேகம் உண்டு, எக்ஸுக்கு $110, ஒய்க்கு $111, இசட்டுக்கு $112. அதைத் தாண்டி நீங்கள் எவ்வளவு கேட்டாலும் பிழை என்று காட்டாது, சத்தமில்லாமல் உச்சவேகத்தோடு நிறுத்திக்கொள்ளும். மாற்றாமல் விட்ட பொதுவான அமைப்பில் அது 500தான். மெஷினுக்குக் கட்டளை அனுப்பும் கணினி மென்பொருளில் $$ என்று அடித்தால் பட்டியல் வரும்.

$120, $121 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அவை வேகம் பிடிக்கும் அளவு. அங்கே 10 என்று இருந்தால் 1500ஐ எட்டவே 31 மி.மீ. ஓட வேண்டும். எழுத்தின் சின்ன வளைவுகளில் அந்த வேகம் ஒருபோதும் வராது, வளைவுக்கு வளைவு மெஷின் தயங்கும், தயங்கும் இடத்தில் பிட் சும்மா சுழன்று தேய்க்கும். 200 வைத்தால் ஒன்றரை மி.மீ.யில் எட்டிவிடும். ஆனால் ஒரேயடியாக ஏற்றாதீர்கள், மோட்டார் படி தவறினால் எழுத்து கோணலாகும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, காற்றில் ஓட்டி, தொடங்கிய இடத்துக்குச் சரியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

சீவல்
அருமை. நான் அவர் எழுதிய எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டுவிட்டேன். 500 என்றால் முதல் கணக்கில் கடிக்கு 0.009, இப்போதைய ஒற்றை ஃப்ளூட்டில் 0.03. உருண்டை ஏன் கொஞ்சம் மட்டும் சின்னதானது என்பதும் இதில் புரிந்துவிட்டது. மெஷின் வேகமாக ஓட மறுத்தால் டயலை 1க்கு இறக்கிக்கொள்ளுங்கள், 10,000இல் ஃபீட் 700 இருந்தாலே கடிக்கு 0.07 வந்துவிடும்.

மரவேலை_7
இதோடு ஒரு யோசனை. முதலில் எழுத்தை 0.2 மி.மீ. பெரிதாக விட்டு வெட்டிவிட்டு, கடைசியில் முழு ஆழத்துக்கு ஒரே சுற்று கிளைம்ப் திசையில் (பிட் சுழலும் போக்கிலேயே நகரும் திசை) ஓட்டுங்கள். விளிம்பு தெளிவாக வரும்.

நாலாம்_அச்சு
கிளைம்ப் வேண்டாம். இந்த மாதிரி சின்ன மெஷினில் சட்டம் வளையும், கிளைம்பில் பிட் ஷீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அக்ரிலிக்குக்கு அதற்கு எதிர்த்திசையான கன்வென்ஷனல்தான்.

மரவேலை_7
முழுத் தடம் வெட்டும்போது நீங்கள் சொல்வது சரி. நான் சொல்வது 0.2 மி.மீ. மட்டும் எடுக்கும் கடைசிச் சுற்று, அதில் இழுக்கும் அளவுக்கு விசையே இல்லை.

நாலாம்_அச்சு
அச்சை நகர்த்துவது பெல்ட்டா, ஸ்க்ரூவா என்று தெரியாமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. பெல்ட்டில் 0.2க்கும் அலையடித்த விளிம்பு வந்து நான் பார்த்திருக்கிறேன்.

மரவேலை_7
என்னுடையது ஸ்க்ரூ, அதில் வரவில்லை. பெல்ட்டில் நான் ஓட்டியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வீணான துண்டில் இரண்டு திசையிலும் ஒரு வட்டம் வெட்டி, நகத்தை ஓட்டிப் பார்த்தால் எது வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

நீர்த்துளி
மைக்ரான், நீங்கள் சொன்னதால் என் பழைய துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். போன மாதம் ஆல்கஹாலில் துடைத்த அக்ரிலிக் மூடி. வெட்டிய ஓரம் முழுக்க மெல்லிய கோடுகள், விரலுக்குத் தெரியவில்லை, சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அக்ரிலிக்குக்கு இனி அதைத் தொடமாட்டேன். இந்தக் கோடுகளைச் சரிசெய்ய வழி உண்டா?

மைக்ரான்
வந்த விரிசல் போகாது. வராமல் தடுக்கலாம். வெட்டிய துண்டை 80 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்து, அடைத்த அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டால் உள்ளழுத்தம் தளரும். கரைப்பான் பசை போட்டு ஒட்டப் போகும் துண்டுக்கும், தீயில் காட்டிப் பளபளப்பாக்கிய விளிம்புக்கும் இது மிகவும் அவசியம். துடைக்க சோப்புத் தண்ணீர் போதும்.

எழுத்துப்பலகை
$110, $111 இரண்டும் 500தான் இருந்தன. 2000 ஆக்கினேன், $120, $121 இரண்டையும் 150 வரை ஏற்றினேன். டயல் 2, ஃபீட் 950, ஆழம் 1.5. செதில் செதிலாகப் பறக்கிறது, பிட் சுத்தமாக இருக்கிறது, எழுத்துகள் தானாகக் கழன்று வருகின்றன. விளிம்பு லேசாகப் பால் நிறத்தில் இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கிறேன். எல்லாருக்கும் மிக்க நன்றி, வெட்டி முடிக்க ஓடுகிறேன்.

தெளிகண்ணாடி
மகிழ்ச்சி. செதில் வருகிறது என்றால் அது காஸ்ட் ஷீட்டாகத்தான் இருக்கும், நான் தவறாகச் சொல்லிவிட்டேன். விளிம்பைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன், ஈரமான நுண்உப்புத்தாளில் 400, 800, 1200 என்று போனால் பால் நிறம் போய்விடும்.

சீவல்
எழுத்துப்பலகை, காலட்டில் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) பிட் ஆடுகிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். முழு ஆழச் சுற்று ஓட்டினீர்களா, எந்தத் திசையில்?

நாலாம்_அச்சு
பெல்ட்டா ஸ்க்ரூவா என்பதையும் சொல்லுங்கள் தம்பி.