எடிட்டரில் ஓடுகிறது, டெர்மினலில் மாட்யூல் இல்லை என்கிறது: சிஸ்.பாத்தில் கை வைக்கலாமா?

மழைமானி:
மாவட்டவாரி மழையளவு சிஎஸ்வி கோப்புகளைப் படித்து மாத அறிக்கை தரும் சின்ன புராஜெக்ட். பைத்தான் 3.11. மேலே மழைத்திட்டம் என்ற ஃபோல்டர். அதற்குள் மழை என்ற பேக்கேஜும் (மாட்யூல்கள், அதாவது .பை கோப்புகள் அடங்கிய ஃபோல்டர்) சோதனை என்ற ஃபோல்டரும். மழைக்குள் தரவு.பை, தொகுப்பு.பை, அப்புறம் அறிக்கை என்ற துணை ஃபோல்டர். அதற்குள் மாதம்.பை. கோப்புப் பெயர், ஃபங்ஷன் பெயர் எல்லாமே தமிழில்தான். பைத்தான் 3 ஏற்றுக்கொள்கிறது, அதைப் பற்றிய சண்டை இங்கே வேண்டாம்.

மாதம்.பை கோப்பின் முதல் வரி: ஃப்ரம் ..தரவு இம்போர்ட் படி

டெர்மினலில் "பைத்தான் மழை/அறிக்கை/மாதம்.பை" என்று ஓட்டினால், ரிலேட்டிவ் இம்போர்ட்டுக்குப் பேரன்ட் பேக்கேஜ் எதுவென்று தெரியவில்லை என்று இம்போர்ட்எரர் வருகிறது. புள்ளிகளை எடுத்துவிட்டு "ஃப்ரம் மழை.தரவு இம்போர்ட் படி" என்று மாற்றினேன். இப்போது மழை என்று ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. பைசார்ம் எடிட்டரில் ரன் பட்டனை அழுத்தினால் மட்டும் ஓடுகிறது. இதைத் தினமும் ஓட்டப்போகிற சக ஊழியர்களுக்குப் பைத்தான் தெரியாது. என்ன செய்யலாம்?

பச்சைக்கிளி:
மழை, அறிக்கை இரண்டிலும் __இனிட்__.பை என்று காலிக் கோப்பு போட்டீர்களா? அது இல்லாவிட்டால் இப்படித்தான் வரும்.

எம்கொடி:
வராது. பைத்தான் 3.3 முதல் (பெப் 420, பெப் என்பது பைத்தானில் மாற்றம் முன்மொழியும் ஆவணம்) அந்தக் கோப்பு இல்லாத ஃபோல்டரையும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக இம்போர்ட் செய்யலாம். போட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் இந்தப் பிழைக்கு அது மருந்தில்லை.

மழைமானி, உங்கள் கோடில் குற்றமில்லை, அதை ஓட்டும் விதத்தில்தான் சிக்கல். "பைத்தான் ஏதோ.பை" என்று ஓட்டினால், அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் சிஸ்.பாத்தின் (மாட்யூல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) தலையில் வைக்கும். நீங்கள் டெர்மினலில் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்காது. ஆக, உங்கள் பட்டியலின் முதல் இடத்தில் இருப்பது மழை/அறிக்கை. அதற்குள் மழை என்று எதுவும் இல்லை, எனவே கிடைக்கவில்லை. புள்ளி வைத்த இம்போர்ட்டுக்கு, தான் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தவன் என்று கோப்புக்குத் தெரிய வேண்டும். நேரடியாக ஓட்டிய கோப்பின் பெயர் __மெயின்__ ஆகிவிடுகிறது, __பேக்கேஜ்__ நன் (எதுவும் இல்லை) என்று நிற்கிறது. இரண்டு புள்ளி வைத்து மேலே ஏறச் சொன்னால் எதற்கு மேலே ஏறுவது?

மழைத்திட்டம் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு இப்படி ஓட்டுங்கள்: பைத்தான் -எம் மழை.அறிக்கை.மாதம்

சாய்கோடு இல்லை, புள்ளி. கடைசியில் .பை இல்லை. புள்ளி வைத்த இம்போர்ட், வைக்காதது இரண்டுமே ஓடும். பைசார்மில் ஓடுவதற்குக் காரணம், அது புராஜெக்ட் ஃபோல்டரைத் தானாகவே பைத்தான்பாத்தில் (சிஸ்.பாத்தில் ஏறும் கூடுதல் ஃபோல்டர்களைச் சொல்லும் அமைப்பு) சேர்த்துவிடுகிறது. அந்த உதவியால்தான் பாதிப் பேருக்குப் பிரச்சினை கடைசி நாள் வரை தெரிவதில்லை.

இரண்டுவரி:
விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வியின் கடைசி வரியைப் படித்தீர்களா? ஓட்டப்போகிறவர்களுக்குப் பைத்தான் தெரியாது. அவர்களிடம் போய் "முதலில் சரியான ஃபோல்டரில் நில்லுங்கள், சாய்கோடு வேண்டாம், புள்ளி வையுங்கள்" என்று வகுப்பு எடுப்பீர்களா? மாதம்.பை கோப்பின் தலையில் இரண்டு வரி போதும். பாத்லிப்பில் இருந்து பாத்தை எடுத்துக்கொண்டு:

சிஸ்.பாத்.இன்செர்ட்(0, எஸ்டிஆர்(பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்ஸ்[2]))
ஃப்ரம் மழை.தரவு இம்போர்ட் படி

எங்கிருந்து ஓட்டினாலும் ஓடும். கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடும், டபுள் கிளிக்கில் ஓடும், விஎஸ் கோடின் ரன் பட்டனிலும் ஓடும். எங்கள் ஆய்வுக் குழுவில் பல வருடமாக இப்படித்தான் போகிறது.

சக்கரப்பொதி:
ஒவ்வொரு கோப்பிலும் இந்த வரியை ஒட்டிக்கொண்டே போவீர்கள். நாளை மாதம்.பை இன்னொரு ஃபோல்டருக்கு இடம் மாறினால் அந்த 2 என்ற எண் தப்பாகிவிடும். 1 ஆக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? அது இன்னும் மோசம், ஏனென்றால் மேல் ஃபோல்டரும் பட்டியலில் இருக்கும் பைசார்மிலோ -எம்மிலோ ஓடிவிடும்! மழை ஃபோல்டரே பட்டியலில் ஏறும். யாராவது "இம்போர்ட் தரவு" என்று எழுதுவார்கள், அதுவும் கிடைக்கும். இன்னொரு கோப்பு "மழை.தரவு" என்று கேட்கும், அதுவும் கிடைக்கும். சிஸ்.மாட்யூல்ஸில் (ஏற்றிய மாட்யூல்களின் பட்டியல்) பார்த்தால் ஒரே கோப்பு இரண்டு பெயரில் இரண்டு முறை ஏறியிருக்கும். தரவு.பை கோப்பில் தரவுப்பிழை என்று ஒரு எக்செப்ஷன் வைத்திருந்தால், ஒரு பிரதி எறிவதை இன்னொரு பிரதியின் பெயரைச் சொல்லும் எக்செப்ட் பிடிக்காது. பெயர் ஒன்று, கோப்பு ஒன்று, வகுப்பு மட்டும் வேறு. இந்தப் பிழையைத் தேடி அலைந்தவர்கள் சிஸ்.பாத் பக்கமே போக மாட்டார்கள்.

சரியான வழி: பைபுராஜெக்ட்.டோமல் (புராஜெக்ட்டின் அமைப்புக் கோப்பு) ஒன்று எழுதுங்கள், வென்வ் (இந்தப் புராஜெக்ட்டுக்கென்று தனிப் பைத்தான் சூழல்) உருவாக்குங்கள், பைத்தானின் நிறுவியான பிப்பைக் கொண்டு "பிப் இன்ஸ்டால் -இ ." என்று நிறுவுங்கள். அதற்குப் பிறகு மழை எங்கிருந்தும் கிடைக்கும். புராஜெக்ட்.ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் ஒரு கட்டளைப் பெயர் கொடுத்துவிட்டால் சக ஊழியர்கள் அந்த ஒரு வார்த்தையைத் தட்டினால் போதும்.

இரண்டுவரி:
தப்பான எண் போட்டால் தப்பாகத்தான் வரும். அது என் முறையின் குறையா? புராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரை மட்டும் சேர்த்தால், எல்லாரும் மழை.தரவு என்றே எழுதினால், இரட்டை வராது. அப்புறம், எம்கொடியின் முறையிலும் இரட்டை உண்டு என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? -எம் போட்டு ஓட்டிய மாட்யூல் __மெயின்__ என்ற பெயரில் ஏறுகிறது. வேறொரு கோப்பு அதையே மழை.அறிக்கை.மாதம் என்று இம்போர்ட் செய்தால் மறுபடி முதலில் இருந்து ஏறும்.

நிறுவல் விஷயத்துக்கு வருகிறேன். சக்கரப்பொதி, அரசு அலுவலகக் கணினியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இணையம் இல்லை. "பிப் இன்ஸ்டால் -இ ." என்றதும் பிப் தனியாக ஒரு பில்ட் சூழல் அமைத்து, அதற்கு செட்அப்டூல்ஸை (பேக்கேஜ் தயாரிக்கும் கருவி) இணையத்தில் தேடும். நோ-பில்ட்-ஐசொலேஷன் என்று சொல்லித் தடுத்தாலும் செட்அப்டூல்ஸ் ஏற்கெனவே இருக்க வேண்டும். பைத்தான் 3.12 முதல் புதிய வென்வில் அது கூடவே வருவதில்லை. வென்வ் இல்லாமல் நேரடியாக நிறுவலாம் என்றால் டெபியன் 12இல் "இந்தச் சூழலை வெளியே இருந்து நிர்வகிக்கிறார்கள்" என்று பிப் கையை விரிக்கும். இவ்வளவும் எதற்கு? கடைசியில் உங்கள் -இ செய்வதும் சைட்-பேக்கேஜஸில் (நிறுவியவை இருக்கும் ஃபோல்டர்) சிஸ்.பாத்தில் பாதை சேர்க்கும் ஒரு .பிடிஎச் கோப்பை வைப்பதுதான். நான் கோப்புக்குள் வைப்பதை நீங்கள் வெளியே வைக்கிறீர்கள்.

சக்கரப்பொதி:
வெளியே வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கோடுக்குள் ஃபோல்டர் அமைப்பைப் பற்றிய ஊகம் எதுவும் இருக்காது. சோதனையும் நோட்புக்கும் கிரானும் ஒரே மாட்யூலை ஒரே பெயரில் பார்க்கும். இணையம் இல்லாத கணினிக்கு வேறு இடத்தில் வீல் கோப்பு (நிறுவத் தயாரான பொதி) தயாரித்து பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். அதற்கு பில்ட் சூழலே வேண்டாம்.

மழைமானி, இந்த வழியில் போனால் உங்களுக்கென்றே இரண்டு குழி காத்திருக்கிறது. புராஜெக்ட்டின் விநியோகப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். பேக்கேஜ் பெயர் தமிழில் இருக்கலாம், இது கூடாது. இன்னொன்று: செட்அப்டூல்ஸ் தானாகப் பேக்கேஜ்களைத் தேடும்போது டெஸ்ட்ஸ், டாக்ஸ் போன்ற வழக்கமான ஆங்கிலப் பெயர்களை விட்டுவிடும். "சோதனை" என்றால் அதற்குப் புரியாது. மழை ஒன்று, சோதனை ஒன்று என்று மேல் மட்டத்தில் இரண்டு பேக்கேஜ் கண்டதாகச் சொல்லி நின்றுவிடும். எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் மழையை நகர்த்துங்கள், அல்லது பேக்கேஜ் பெயரை டோமலில் வெளிப்படையாக எழுதுங்கள்.

எம்கொடி:
இரண்டுவரி, __மெயின்__ இரட்டை பற்றிச் சொன்னது உண்மை. அதனால்தான் ஓட்டுகிற கோப்பை வேறு யாரும் இம்போர்ட் செய்யக்கூடாது. பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பை நேரடியாக ஓட்டும் பழக்கத்தையே பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் விரும்பவில்லை. 2007இல் அதற்கு வசதி கேட்டு வந்த பெப் 3122ஐ நிராகரித்தபோது, இதைத் தவறான பழக்கமாகவே தான் பார்ப்பதாகச் சொன்னார்.

உங்கள் இரண்டு வரி தீர்க்காத ஒன்றும் இருக்கிறது. மேல் ஃபோல்டரை முதலிடத்தில் செருகினாலும் மழை/அறிக்கை பட்டியலை விட்டுப் போவதில்லை, இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு முன்னால்தான் அப்போதும் இருக்கிறது. அந்த ஃபோல்டரில் யாராவது ரேண்டம்.பை என்று ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்பு வைத்தால் ஸ்டாண்டர்ட் ரேண்டத்துக்குப் பதில் அது ஏறும். நம்பை என்ற கணக்கு லைப்ரரிகூட விழும்போது யாருக்குக் காரணம் தெரியும்? 3.13இல்தான் "பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று பிழைச் செய்தியே சொல்லத் தொடங்கியது.

இரண்டுவரி:
கைடோ எங்கள் அலுவலகத்தில் அறிக்கை ஓட்டப்போவதில்லை. ரேண்டம்.பை என்று பெயர் வைக்கிறவர் உங்கள் முறையிலும் மேல் ஃபோல்டரில் வைத்தால் அதே கதைதானே? -எம் போட்டால் நிற்கிற ஃபோல்டர்தான் முதலிடத்தில் இருக்கும். நோட்புக் (கோடைச் செல் செல்லாக ஓட்டும் ஜூபிட்டர் கோப்பு) பற்றியும் யாரும் விளக்கமாக வாய் திறக்கவில்லை. துணை ஃபோல்டரில் இருக்கும் நோட்புக்குக்கு -எம் கிடையாது.

மழைமானி:
சண்டைக்கு நடுவே ஒரு தகவல். -எம் போட்டதும் என் கணினியில் ஓடிவிட்டது. சர்வருக்கு (லினக்ஸ்) கொண்டுபோனேன். அங்கே மழை.தரவு கிடைக்கிறது, மழை.தொகுப்பு மட்டும் இல்லை என்கிறது. எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டால் தொகுப்பு.பை கண்ணெதிரே நிற்கிறது. அந்தக் கோப்பு மட்டும் எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் தன் பழைய மேக்கில் எழுதி ஜிப்பாக அனுப்பியது. அதை இப்போதுதான் முதன்முறையாக இம்போர்ட் செய்கிறேன். சிஸ்.பாத்தை அச்சிட்டுப் பார்த்தேன், மேல் ஃபோல்டர் இருக்கிறது.

பச்சைக்கிளி:
பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பிரச்சினை தமிழில் கிடையாது. பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ் இருக்குமோ?

ஒற்றைக்கொம்பு:
ஸ்பேஸ் இல்லை, "தொ"தான் காரணம். யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய மேக்கின் எச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். பைத்தானோ, நீங்கள் இம்போர்ட் வரியில் எழுதும் பெயரைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ஆங்கிலம் அல்லாத பெயர்களை அனுமதித்த பெப் 3131இலேயே அந்த விதி இருக்கிறது. லினக்ஸ் பைட்டுக்கு பைட் ஒப்பிடும். பைத்தான் தேடுவது ஒன்று, டிஸ்கில் இருப்பது ஒன்று. மழை, தரவு, அறிக்கை, மாதம் எதிலும் ஒகர ஓகாரக் குறி இல்லை, அதனால்தான் அவை தப்பித்தன.

சரிபார்க்க: ஓஎஸ்.லிஸ்ட்டிர் தரும் பெயரில் .பை நீக்கிவிட்டு லென் (நீளத்தை எண்ணும் ஃபங்ஷன்) போடுங்கள். 8 வந்தால் சேர்த்த வடிவம். 9 வந்தால் பிரிந்தது. யூனிகோட்டேட்டா.நார்மலைஸில் என்எஃப்சி (சேர்த்த) வடிவம் எடுத்து அந்தப் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், இம்போர்ட்லிப்பின் இம்போர்ட்_மாட்யூலுக்குப் பிரிந்த வடிவத்தையே சரமாகக் கொடுத்தால் கோப்பு கிடைத்துவிடும். சரத்தை அது மாற்றுவதில்லை.

மழைமானி:
9. மாற்றியதும் ஓடுகிறது. இதை நானாகக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை, நன்றி.

இரண்டுவரி:
அருமை, ஒற்றைக்கொம்பு. இதற்கு டோமலும் உதவியிருக்காது, இரண்டு வரியும் உதவியிருக்காது.

சக்கரப்பொதி:
வீல் தயாரித்துச் சோதித்திருந்தால் சர்வருக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.

ஒற்றைக்கொம்பு:
சோதனையில் அந்தக் கோப்பை இம்போர்ட் செய்திருந்தால் மட்டும்.

மூல விஷயத்துக்கு நான் ஒன்று கேட்கிறேன். மழைத்திட்டம் ஃபோல்டரின் மேல் மட்டத்திலேயே ஓட்டு.பை என்று ஒரு கோப்பு வைத்தால் என்ன? உள்ளே இரண்டே வேலை: "ஃப்ரம் மழை.அறிக்கை.மாதம் இம்போர்ட் தொடங்கு", அப்புறம் தொடங்கு(). கோப்பு இருக்கும் ஃபோல்டர்தான் முதலிடம் என்று எம்கொடி சொன்னாரே, அதே விதி இங்கே நமக்குச் சாதகமாகிறது. டபுள் கிளிக்கில் ஓடும். கிரானில் முழுப் பாதை கொடுத்தால் எந்த ஃபோல்டரில் இருந்தும் ஓடும். சிஸ்.பாத்தைத் தொடவில்லை, எதையும் நிறுவவில்லை, __மெயின்__ இரட்டையும் இல்லை.

எம்கொடி:
இதில் எனக்குக் குறை இல்லை. மாதம்.பை வெறும் மாட்யூலாக இருக்கும், ஓட்டுவது மட்டும் வெளியே.

சக்கரப்பொதி:
நோட்புக்கும் சோதனையும் அப்படியே நிற்கின்றன. சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் அமைப்புக் கோப்பில் பைத்தான்பாத் = . என்று எழுதலாம், அல்லது "பைத்தான் -எம் பைடெஸ்ட்" என்று மேல் ஃபோல்டரில் நின்று ஓட்டலாம். நோட்புக்குக்கு என்ன செய்வீர்கள்?

இரண்டுவரி:
நோட்புக்கின் முதல் செல்லில் இரண்டு வரி. வேறென்ன?

சக்கரப்பொதி:
எதிர்பார்த்ததுதான். வென்வில் நிறுவி, அதே வென்வை நோட்புக்கின் கர்னலாகத் (கோடை ஓட்டும் பைத்தான்) தேர்ந்தெடுங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று சொல்லும் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை அச்சிட்டுப் பாருங்கள். "நிறுவினேன், ஆனால் கிடைக்கவில்லை" என்று வருகிறவர்களில் பலர் ஒரு பைத்தானில் நிறுவி வேறொரு பைத்தானில் ஓட்டுகிறார்கள்.

மழைமானி:
எங்களுக்கு நோட்புக் கிடையாது. ஓட்டு.பை வைத்துவிட்டேன், சக ஊழியர்களுக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட். கிரானிலும் முழுப் பாதை கொடுத்தாயிற்று. சர்வருக்கு இணையம் கிடைத்ததும் டோமல் எழுதிப் பார்க்கிறேன். அப்போது சோதனை ஃபோல்டரின் பெயரை மாற்ற மாட்டேன், மழையைத்தான் எஸ்ஆர்சிக்குள் தள்ளுவேன்.

பச்சைக்கிளி:
சோதனையிலும் ஒரு ஓகாரம் இருக்கிறது, லென் போட்டுப் பார்த்துவிடுங்கள்.